விசிலில் காற்று இல்லை

பந்தல்குடி
12.8.2024

பாசித்துக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு இஷ்டமில்லை.

பதினோரு வருஷம் ஒரே வண்டியில் நான் ஸ்டேரிங்கும் நீ விசிலுமாக ஓடியிருக்கிறோம். ராமநாதபுரத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போகிற அன்றைக்குக்கூட நீ வாயைத் திறக்கவில்லை. திருச்சுழியில் டீ குடிக்கும்போது இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்தாய். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காரணமில்லாமல் இரண்டாவது டீ வாங்குகிற ஆளா நீ? மறுநாள் காலையில் வந்து பார்த்தால் உன் இடத்தில் காளிராஜ் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் மாறுதல் என்று எழுதிக் கொடுத்தாயாம். போன ரம்ஜானுக்கு உன் மாமியார் ஒரு தூக்கு நிறைய வட்டலப்பம் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்ததை நான் பார்க்கவில்லையா? உடம்பு சரியில்லாதவர் வருகிற வரத்தா அது? சரி, அதை விடு.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ முணுமுணுக்கிறாய். ஸ்பீக்கர் போய்விட்டது என்று இரண்டு தடவை கடையில் கொடுத்தேன். கடைக்காரன் நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பித் தருகிறான். வாட்ஸ்அப்பில் தட்டலாம் என்றால் என் கட்டைவிரலுக்கு ஒரு எழுத்துத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. ராமநாதபுரம் வண்டியில் கொடுத்து அனுப்பினால் நம் ஆட்கள் வழியிலேயே பிரித்துப் படித்து டிப்போ முழுக்க வாசித்துக் காட்டுவார்கள். அதனால் ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போடுகிறேன்.

காளிராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் ஆறடி. நாற்பது வயசில் நல்ல திடகாத்திரம். ஆனால் விசிலில் காற்று இல்லை. ஊதுகிறாரா, உறிஞ்சுகிறாரா என்றே தெரியவில்லை. நானே புது விசில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதிலும் காற்று இல்லை. உன் இரண்டு விசில் முதுகில் தட்டி "ரைட், போகலாம்" என்று சொன்ன மாதிரி இருக்கும். அந்த மாதிரி விசில் ஊதுகிறவன் இந்த ஜில்லாவில் கிடையாது. உன் மேல் கோபமாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எழுத வந்த விஷயம் வேறு. கோயம்புத்தூரில் இருக்கிற என் மகன் பாண்டீஸ்வரன், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடிக்கிறான். முப்பது வருஷம் மிதித்தது போதுமாம். உன் மதினி அழகுத்தாயும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். எனக்கு ஐம்பத்தைந்து. இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. முப்பது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடிக்காதவன் நான். அறுபது முடிந்து, மாலை போட்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் தினமும் சொல்லிச் சொல்லி எனக்கே குழப்பமாகிவிட்டது.

நீ சொல். எப்போது இறங்கலாம்? நான் ஓட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தவன் நீ ஒருத்தன்தான். நீ சொன்னால் யோசிப்பேன்.

சங்கரபாண்டியன்


ராமநாதபுரம்
20.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டாவது டீ விஷயத்தைப் படித்துவிட்டு வீட்டில் சுமையா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதற்கு மேல் அதைக் கேட்காதீர்கள் அண்ணே.

இங்கே எனக்குக் கிடைத்த டிரைவர் நல்ல மனிதர். ஆனால் அவர் பிரேக்கை மிதித்தால் நான் முன் கண்ணாடிக்குப் போய்விடுகிறேன். இடுப்பில் இரண்டு இடத்தில் கன்றிப் போயிருக்கிறது. சுமையா பார்த்துவிட்டு, பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவருக்குக் கம்பியைப் பிடிக்கத் தெரியாதா என்று கேட்கிறாள். உண்மையிலேயே தெரியாது. உங்கள் வண்டியில் நான் பிடிமானத்துக்கென்று கம்பியைப் பிடித்ததே இல்லை. ஒரு கையில் மிஷின், ஒரு கையில் சில்லறை, அப்படியே நின்று டிக்கெட் கொடுத்துவிடுவேன். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் தெரியும்.

கண்மாய் உடைந்த வருஷம் செல்லக்கிளியை ஏற்றிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? நிறைமாசம், வலி கண்டுவிட்டது. உடைகுளத்திலிருந்து திருச்சுழி வரைக்கும் கரிசல் சகதி. பக்கத்தில் இருந்தவள் அவளுக்கென்று ஒரு டம்ளரில் வெந்நீர் வைத்திருந்தாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது அந்த டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் அன்றைக்கு உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. நாம் அப்படியெல்லாம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் அத்தாவிடம் சொன்னேன், நான் வேலை பார்க்கிற டிரைவர் மாதிரி ஒருத்தர் கிடையாது என்று.

எப்போது இறங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்கலாம் அண்ணே. இந்த வருஷமே இறங்கலாம். மதினியும் பாண்டீஸ்வரனும் சொல்வது சரி. இவ்வளவு நல்ல பெயர் இருக்கும்போதே இறங்குவதுதான் அழகு.

இன்னொன்று. காளிராஜிடம் விசிலை நம்ப வேண்டாம், உங்கள் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைத் தட்டச் சொல்லுங்கள். மறக்காமல் சொல்லுங்கள்.

தம்பி,
பாசித்


பந்தல்குடி
2.9.2024

பாசித்துக்கு,

அழகுத்தாய் உனக்குப் போன் பண்ணினாளா? உண்மையைச் சொல். அவள் சொன்ன அதே வார்த்தை, "நல்ல பேரு இருக்கும்போதே". நீயும் அவள் கட்சியா?

கண் பரிசோதனைக்குப் போய் வந்தேன். கடைசி வரி வரை படித்தேன். டாக்டரே ஆச்சரியப்பட்டார். கை நடுங்கவில்லை, கால் மரத்துப்போகவில்லை. என்ஜினில் ஒரு போல்ட் தளர்ந்தால்கூட உள்ளங்காலில் எனக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு இறங்க வேண்டும்? வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கவா? அந்த டிவியிலும் இப்போதெல்லாம் வாயை அசைக்கிறார்களே தவிர யாரும் உருப்படியாகப் பேசுவதில்லை.

கம்பியைத் தட்டுவது கண்டக்டர் வேலையா, கொல்லன் வேலையா? காளிராஜுக்கு நீ சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். வண்டியில் எல்லாருக்கும் கம்பிப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நீ போனதிலிருந்து என் சீட்டுக்குப் பின்னால் யார் உட்கார்ந்தாலும் தட்டுகிறார்கள். கரிமூட்டத்தில் விறகு அடுக்குகிற வேலைக்குப் போகிற சந்தனம்மாள் தூக்குவாளியால் தட்டுகிறாள். காலேஜுக்குப் போகிற பெண் மோதிரத்தால் தட்டுகிறது. ஒருவர் குடைக்காம்பால் தட்டுகிறார், மழையே இல்லாத ஊரில் அவருக்குக் குடை எதற்கோ. போன வாரம் பொறுக்க முடியாமல் வண்டியை நிறுத்தித் திரும்பி, இது பஸ்ஸா பஜனை மடமா என்று சத்தம் போட்டேன். சந்தனம்மாள் ஏதோ சொன்னாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்குப் பல் இல்லையா, என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை.

நான் இறங்குவது அறுபதில்தான். அதற்கு முன்னால் இறங்க வேண்டுமென்றால் நீ ஒரு காரணம் சொல்ல வேண்டும். அழகு, நல்ல பெயர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதே. ஒரே ஒரு காரணம், நேராகச் சொல்.

சங்கரபாண்டியன்


ராமநாதபுரம்
15.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். காரணம் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குக் காது கேட்கவில்லை அண்ணே. மூன்று வருஷமாகக் கேட்கவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் விசிலை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாதி வழியில்தான் பையில் தேடினேன். திருச்சுழியில் ஆள் ஏறி முடிந்ததும் "போலாம்ணே" என்று கத்தினேன். நீங்கள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் வந்து கத்தினேன். அசையவில்லை. எரிச்சலில் டிக்கெட் மிஷினால் உங்கள் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன். உங்கள் சீட்டின் முதுகு அந்தக் கம்பியில்தானே முட்டிக்கொண்டு இருக்கிறது. உடனே வண்டியை எடுத்தீர்கள். டிப்போவுக்கு வந்ததும் என் தோளில் கை போட்டு, "இன்னைக்கு ஒன்னோட விசில் கணீர்னு இருந்துச்சுடா" என்றீர்கள்.

அன்றைக்கு என் சட்டைப்பையில் விசிலே கிடையாது.

அந்த நாளிலிருந்து வாயில் விசிலை வைத்துக்கொண்டு கையால் கம்பியைத் தட்டினேன். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பின்வாசலிலிருந்து முன்னுக்கு ஓடி வருவேன். இவன் என்ன ஓட்டமா ஓடுறான், உடம்பு இளைச்சுப் போச்சு என்று நீங்களே கேலி செய்வீர்கள். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், வண்டியிலிருந்து இறக்கி டிப்போ கேட்டில் உட்கார வைப்பார்கள் என்று பயந்தேன். கேட்டில் உட்காருகிற டிரைவர்களைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இறக்கை வெட்டின சேவல் என்பீர்கள். உங்களை நான் அப்படிப் பார்க்க விரும்பவில்லை.

ஏப்ரல் மாசம் ஒரு காலையில் பின்வாசலில் ஒரே கூட்டம். மில்லுக்குப் போகிற செல்லக்கிளி இறங்கினாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அவள் இறங்கிவிட்டதாக நினைத்து, நான் தட்டுவதைப் பார்த்துப் பழகிய யாரோ முன்னால் கம்பியைத் தட்டிவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. நான் பின்னாலிருந்து ஒரு விசில், இன்னொரு விசில், மூச்சு முட்ட ஊதினேன். கூட்டத்தைத் தாண்டி முன்னுக்கு வர முடியவில்லை. அவள் கையை ஒரு ஆள் பிடித்து இழுத்துக்கொண்டதால் பிழைத்தாள். நீங்கள் கொடுத்த சுளுக்கு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நாலு நாளில் வேலைக்கு வந்துவிட்டாள். சும்மா கால் பிசகிவிட்டது என்றுதான் உங்களிடம் சொன்னாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

டம்ளரில் தண்ணீர் சிந்தாமல் நீங்கள் கொண்டுபோய்ச் சேர்த்த அதே செல்லக்கிளி அண்ணே. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. இனிமேல் என்னால் தட்ட முடியாது என்று தெரிந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது என்று தெரிந்தது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஓடி வந்தவன் இன்னொரு தப்பும் செய்தேன். போவதற்கு முந்தின வாரம், தினமும் வருகிறவர்களிடம் ரகசியமாகச் சொன்னேன், டிரைவருக்குப் பின்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் கம்பியைத் தட்டுங்கள், ஒரு தட்டு நில், இரண்டு தட்டுப் போ என்று. அவர்கள் உங்கள் மேல் வைத்திருக்கிற மரியாதைக்கு ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஐம்பது பேர் உயிரை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வந்திருக்கிறேன். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்தேன்.

இதுதான் காரணம். ஒன்றே ஒன்று கேட்டீர்கள், இது ஒன்றுதான். உடனே இறங்கிவிடுங்கள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

பாசித்


பந்தல்குடி
19.9.2024

பாசித்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொய்.

காளிராஜுக்கு விசில் ஊதத் தெரியாததற்கு என் காதைக் குற்றம் சொல்கிறாய். இனிமேல் எழுதாதே.

சங்கரபாண்டியன்


ராமநாதபுரம்
10.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாசம் எழுதாமல் இருந்தேன். நேற்று நம் பக்கத்து வண்டி ஒன்று இங்கே வந்தது. அந்தக் கண்டக்டரிடம் விசாரித்தேன். உடைகுளம் வண்டியை இப்போது இருளப்பசாமி என்கிறவர் ஓட்டுகிறாராம். சங்கரபாண்டியன் அண்ணன் டிப்போ கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், கேட்டைத் திறந்து மூடுகிறார் என்றார். யாரும் உட்கார வைக்கவில்லை, அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

பாசித்


பந்தல்குடி
24.11.2024

தம்பி பாசித்துக்கு,

திட்டத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

உனக்குப் பொய் என்று எழுதிப் போட்டுவிட்டு அதற்குப் பிறகும் இரண்டு நாள் வண்டி ஓட்டினேன்.  யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது என் சாமர்த்தியம் இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நீ எழுதியது அப்படியே நடந்தது. பின்னால் ஒருத்தி கையைக் காட்டுகிறாள், நடுவில் இருக்கிறவர் முன்னால் சொல்கிறார், முன்னால் இருக்கிறவள் கம்பியைத் தட்டுகிறாள். வண்டி முழுக்க ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓட்டுகிறேன் என்று நான் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் உடைகுளத்தில் வண்டி திரும்பி நின்றது. ஆள் ஏறினார்கள். நான் எழுந்து நின்று, இன்றைக்கு யாரும் கம்பியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, காளிராஜைப் பின்வாசலில் போய் விசில் ஊதச் சொன்னேன். என்ஜினை அணைத்தேன். கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருந்த வேலிக்கருவை மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டவுடனே கையைத் தூக்குவது என்று முடிவு. காளிராஜ் ஊதட்டும் ஊதட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஆள் ஏன் இன்னும் ஊத ஆரம்பிக்கவில்லை என்று கோபம்கூட வந்தது. அப்போது தோளில் ஒரு கை பட்டது. திரும்பினேன். காளிராஜ் நின்றார். அந்த ஆறடி மனுஷன் கண் கலங்கிப் போயிருந்தது. முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னார்.

"அண்ணே, பதினாறு தடவ ஊதிட்டேன்."

அந்தத் தோளைத் தொட்ட தொடுகை எனக்குப் பழக்கமான தொடுகை. அழகுத்தாய் மூன்று வருஷமாக அப்படித்தான் என்னைக் கூப்பிடுகிறாள். சாப்பாடு ஆச்சு என்றால் தோளைத் தொடுவாள். வாசலில் ஆள் வந்தால் தோளைத் தொடுவாள். வயசு ஆக ஆக அன்பு கூடுகிறது போல என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கூப்பிட்டுப் பாத்தேன், நீங்க திரும்பல. அதான் தொட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சாவியைக் காளிராஜிடம் கொடுத்து, அவரையே டிப்போவுக்குப் போன் போட்டு வேறு டிரைவரை அனுப்பும்படி கேட்கச் சொன்னேன். ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, அது வேறு. சந்தனம்மாள் வந்து என் முன்னால் நின்றாள். பொக்கை வாயானாலும் முகத்துக்கு முன்னால் பேசினால் இப்போது புரிகிறது.

"எங்களுக்கு ஒங்க காது எதுக்குய்யா. கைதான வேணும். நாங்க தட்டிக்கிறோம், நீங்க ஓட்டுங்க."

"நீங்க தட்ட மறந்த அன்னைக்கு யாரு ஆத்தா அடிபடுவா?" என்று கேட்டேன். அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பயணிகள் சீட்டில் உட்கார்ந்து டிப்போவுக்கு வந்தேன்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. எனக்கே தெரியாமல் இருந்தது என்றேன், அது உண்மைதானே. அவர் நல்ல மனுஷன். டாக்டரிடம் சான்று வாங்குங்கள், லேசான வேலை தருகிறோம், அறுபது வரைக்கும் இருக்கலாம், எதற்கு விருப்ப ஓய்வு என்று எழுதியே காட்டினார். விருப்ப ஓய்வு என்றால் மூன்று மாசம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த மூன்று மாசமும் லீவில் போய்விடலாம், யாருக்கும் எதுவும் தெரியாமல் கௌரவமாகப் போய்விடலாம் என்றும் ஒரு வழி சொன்னார்கள்.

யோசித்தேன். லீவில் போய் ஒளிய எனக்குப் பிடிக்கவில்லை. கேட் வேலையைக் கொடுங்கள் என்று நானே கேட்டேன். இறக்கை வெட்டின சேவல் என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன். அந்த நாற்காலியில் கொஞ்ச நாளாவது உட்கார்ந்து பார்க்காமல் போனால் அந்த வார்த்தை என் தலையிலேயே நிற்கும் என்று தோன்றியது.

உட்கார்ந்த முதல் நாளே ஒரு விஷயம் புரிந்தது. கேட்டைத் திறக்கவும் ஹாரன் கேட்க வேண்டும் பாசித். வண்டிகள் வந்து ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, டிரைவர் இறங்கி வந்து என் தோளைத் தொடுவார். யாரும் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து வேலை கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறவர்கள்தான் எல்லாரும். அவர்கள் ஐந்து வருஷம்கூட அலுக்காமல் இறங்கி வந்து தொடுவார்கள். அந்த அன்பை நான் அறுபது வரைக்கும் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருக்க முடியாது. நான் எழுந்திருக்க இன்னொருத்தர் வேலையை நிறுத்திவிட்டு வர வேண்டியிருக்கிறது என்றால் அது என் வேலை இல்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். டிசம்பர் 31 கடைசி நாள்.

எப்போது இறங்கலாம் என்று உன்னிடம் கேட்டேனே, அதற்கு எனக்கே பதில் கிடைத்துவிட்டது. வயசைப் பார்த்து இறங்கக் கூடாது, பெயரைப் பார்த்தும் இறங்கக் கூடாது. என் வேலையை மற்றவர்கள் செய்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு இறங்கிவிட வேண்டும். எனக்கு அது மூன்று வருஷம் தாமதமாகத் தெரிந்தது.

இருளப்பசாமிக்கு ஒரு நோட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் விருதுநகர் பக்கம் ஓட்டினவர், கரிசல் ரோடு புதுசு. மழை பெய்தால் எந்த வளைவில் சக்கரம் வழுக்கும், யாருக்கு முழங்கால் வலி, எந்த ஸ்டாப்பில் படியை ஒட்டி நிறுத்த வேண்டும், காலேஜுக்குப் போகிற பெண் எந்தக் கிழமை ஐந்து நிமிஷம் தாமதமாக வரும் என்று நாற்பது பக்கம். அவர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது திட்டுகிறேன். நீ செய்தது தப்பு. மூன்று வருஷம் என் முதுகுக்குப் பின்னால் ஓடி ஓடி நீ எலும்பாகப் போனதும் தப்பு, சொல்லாமல் ஓடியது அதைவிடத் தப்பு. செல்லக்கிளி வீட்டுக்குப் போய் வந்தேன். அவள் காலைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆனால் நீ வந்து சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? எழுத்தில் சொன்னதற்கே பொய் என்று எழுதினவன். காது கேட்காமல் போனது மூன்று வருஷமாகத்தான், சொன்னதைக் கேட்காமல் இருப்பது முப்பது வருஷமாக என்று அழகுத்தாய் சொல்கிறாள். முகத்துக்கு நேராக நின்று சொன்னாள், அதனால் நன்றாகவே புரிந்தது.

இந்த ஜில்லாவில் உன்னை மாதிரி விசில் ஊதுகிறவன் கிடையாது என்று எழுதினேன். நீ ஊதவே இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

உன் அண்ணன்,
சங்கரபாண்டியன்


ராமநாதபுரம்
18.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சுமையா அழுதாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

டம்ளரில் தண்ணீர் சிந்தாமல் ஓட்டியதுதான் உங்கள் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என்ஜினை அணைத்துவிட்டு, ஊருக்கு முன்னால், மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அது அதைவிடப் பெரியது. எனக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தால் மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் முன்னால் வந்து நின்றிருப்பேன். இனி எந்த வண்டியில் எந்த டிரைவரோடு போனாலும் மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பிரேக்கை மெதுவாக மிதியுங்கள் என்று இங்கே ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. இடுப்பு வலி குறைந்திருக்கிறது.

31ஆம் தேதிக்கு வர லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன், மாமியோடு, வட்டலப்பத்தோடு. இந்த உறைக்குள் என் பழைய விசில் இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் மறந்து வைத்த அதே விசில். அதற்கப்புறம் மூன்று வருஷம் வாயில் வைத்துச் சும்மா கடித்துக் கடித்துப் பல் பதிந்திருக்கிறது. உங்களிடம் இருக்கட்டும்.

தம்பி,
பாசித்


பந்தல்குடி
1.1.2025

தம்பி பாசித்துக்கு,

விசில் வந்து சேர்ந்தது. பல் தடத்தைப் பார்த்தேன்.

காதுக்கு மிஷின் சொல்லியிருக்கிறது, பொங்கலுக்கு முன்னால் வந்துவிடும் என்கிறார்கள். நீ வரும்போது அநேகமாகக் கேட்கும். ஆனாலும் கத்திப் பேசு, பழக்கம் விட்டுவிடக் கூடாது.

நேற்று டிப்போவில் மாலை ஏற்பாடு செய்திருந்தார்கள். சாயந்திரம் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் உடைகுளம் வண்டியில் டிக்கெட் எடுத்து ஏறினேன். இருளப்பசாமி நன்றாக ஓட்டுகிறார். மூன்றாவது வளைவில் கொஞ்சம் அவசரம். சொன்னேன், தலையை ஆட்டிக்கொண்டார். கம்பியை யாரும் தட்டவில்லை. சந்தனம்மாள் பழக்கத்தில் தூக்குவாளியை ஓங்கிவிட்டு, என்னைப் பார்த்ததும் மடியில் வைத்துக்கொண்டாள்.

உடைகுளத்தில் திரும்பும்போது காளிராஜிடம், ஒரு தடவை நான் ஊதட்டுமா என்று கேட்டேன். பின்வாசலில் போய் நின்றேன். முப்பது வருஷத்தில் அந்த இடத்தில் நான் நின்றதில்லை பாசித். அங்கிருந்து பார்த்தால் எத்தனை கால், எத்தனை பை, எத்தனை கை தெரிகிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து முன்னுக்கு ஓடியும் வந்திருக்கிறாய். சந்தனம்மாள் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். பிறகு செல்லக்கிளி ஏறினாள், கம்பியைப் பிடித்தாள், உட்கார்ந்தாள். அவள் உட்காருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு உன் விசிலை வாயில் வைத்து இரண்டு தடவை ஊதினேன்.

எனக்குக் கேட்கவில்லை. வண்டி நகர்ந்தது.

சங்கரபாண்டியன்